தேவானையைக் கூப்பிட்ட மைதானம்

எழுபத்தொன்றாம் வருஷம் ஐப்பசியில், ஒரு திங்கட்கிழமை, மந்தைவெளிப் பாட்டில் கிடங்கில் மூட்டை தூக்கும் கோதண்டபாணி ஒரு காலிப் பீர் பாட்டிலின் வாயைத் தன் கழுத்து ஓட்டையில் வைத்து மூச்சை இழுத்தான். உடனே அவன் வாயிலிருந்து மயிலாப்பூர் பாங்கிக் குமாஸ்தா ஒருவரின் குரல் வந்தது. "ஏண்டா கட்டேல போறவனே, கண்ணு தெரியலையா நோக்கு? பந்தை அவனண்ட தள்ளேண்டா!" என்றது அந்தக் குரல். அந்த வாரம் சங்கரா மீன் மலிவு. மழை இன்னும் பிடிக்கவில்லை.

கழுத்தில் ஓட்டை வந்ததற்குக் காரணம் சாதாரணமானதுதான். தொண்டையில் கட்டி. அறுபத்தொன்பதில் அடையாறு ஆஸ்பத்திரியில் அறுத்தெடுத்து உயிரைக் காப்பாற்றிக் கொடுத்தார்கள். கட்டியோடு குரலும் போயிற்று. மூச்சு விடுவதற்குக் கழுத்தடியில் ஒரு வழி வைத்தார்கள். அதன்மேல் ஒரு மல் துணியைத் தொங்கவிட்டுக்கொண்டு, உடம்பு தேறியதும் மூட்டை தூக்கப் போய்விட்டான். அதற்கு முன்னால் கால்வாய்க்கரை கால்பந்து டீமுக்கு அவனைப்போலக் கத்தியவன் கிடையாது. அவன் கத்தினால் எதிர் டீம் கோல்கீப்பர் ஒரு தடவையாவது திரும்பிப் பார்ப்பான். அந்த ஒரு தடவை போதும். மாலையில் வேலை விட்டு வரும்போது கால்வாயின் அக்கரையிலிருந்தே "தேவானேய்!" என்று பெண்சாதியைக் கூப்பிடுவான். இக்கரையில் குடிசைக்குள் இருக்கிற தேவானை "வர்றேன்யா" என்பாள். குரல் போனபிறகு அக்கரையில் நின்று கையைத் தட்டினான். தேவானை வெளியே வந்து, "கை தட்டிக் கூப்புட நான் இன்னா மாடா?" என்று கேட்டுவிட்டு உள்ளே போனாள். அதற்கப்புறம் அவன் கை தட்டவில்லை.

அதுவரை மெட்ராஸில் பீர் என்பது பர்மிட் வைத்திருந்தவர்கள் குடித்த மருந்து. எழுபத்தொன்று ஆவணியில் மதுவிலக்கைத் தள்ளி வைத்தார்கள். அடுத்த மூன்று வருஷம் இந்த ஊர் பீருக்கும் பந்தாட்டப் பைத்தியத்துக்கும் பேர் பெற்றிருந்தது. இப்போது சொன்னால் சிரிப்பார்கள். ஆனால் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அடையாறு ஆற்று முகத்துக்குப் பக்கத்தில் இருந்த மணல் மைதானத்தைப் பார்த்தவர்கள் சிரிக்கமாட்டார்கள். தியாகராய நகர் ஜவுளிக்கடைச் சிப்பந்திகள், மயிலாப்பூர் ஆபீஸ்காரர்கள், சாந்தோம் மீன்காரர்கள், கோட்டூர்புரத்தில் வீட்டு வசதிக் கட்டடம் கட்டிக்கொண்டிருந்த கொத்தனார்கள் எல்லாரும் ஆளுக்கொரு பாட்டிலோடு மணலில் உட்கார்ந்திருப்பார்கள். கால்வாய்க்கரை டீம் ஜெயித்தால் பாட்டிலைத் தலைக்குமேல் தூக்குவார்கள். தோற்றால் பாட்டிலை மணலில் நட்டுவிட்டு அழுவார்கள். ஒருவர் தன் மகள் நிச்சயதார்த்தத்தையே இரண்டாம் பாதி முடியட்டும் என்று தள்ளி வைத்தார். மாப்பிள்ளை வீட்டாரும் மைதானத்தில்தான் இருந்தார்கள் என்பதால் தகராறு ஒன்றும் ஆகவில்லை.

இந்தப் பாட்டில்களையெல்லாம் பொறுக்குவது ஹாஜிரா பீயின் தொழில். கிடங்கு அவளுடையது, கோதண்டபாணி அவளிடம்தான் வேலை. ஆட்டம் நடக்கும்போதே சாக்கோடு உள்ளே நுழைந்து, காலியாகிற பாட்டிலை எடுத்து, ஈரக் காகிதத்தைத் திருகி வாயை அடைத்துவிடுவாள். உள்ளே கரப்பான் விழுந்து செத்தால் கம்பெனிக்காரன் சாக்கையே திருப்பிவிடுவான் என்கிற பயம். மற்ற கிடங்குக்காரர்கள் அடைப்பதில்லை. அதனால்தான் மற்ற கிடங்குகளில் இது நடக்கவில்லை. திங்கட்கிழமை அடைப்பைப் பிடுங்கி, பாட்டிலில் விரிசல் இருக்கிறதா என்று வாயில் வைத்து ஊதிப் பார்ப்பார்கள். விரிசல் விட்ட பாட்டில் சோகையாக ஊதும். கோதண்டபாணிக்கு வாயில் காற்று வராது, ஆகவே கழுத்தால் ஊதினான். ஊதிவிட்டு மூச்சைத் திரும்ப இழுத்தபோதுதான் குமாஸ்தா வந்தார். வாய்க்கும் நெஞ்சுக்கும் நடுவிலிருந்த வழியை அடைத்துவிட்டதாக ஆஸ்பத்திரியில் சொல்லியிருந்தார்கள். அடைத்தது உண்மைதான். குரல் அதைப் பொருட்படுத்தவில்லை.

"இன்னாய்யா இது, ஐயரு வூட்டுப் பேச்சு பேசுற?" என்றாள் ஹாஜிரா பீ. அடுத்த பாட்டிலை நீட்டினாள். "அடிச்சான் பாரு! நைனா, அடிச்சான் பாரு!" என்றது வேறொரு குரல். ஒரு பாட்டிலுக்கு ஒரு கூச்சல், ஒரே ஒரு தடவைதான். அன்று மாலைக்குள் முந்தின நாள் ஆட்டம் முழுக்க இன்னொரு முறை நடந்து முடிந்தது. ஹாஜிரா பீ யோசித்துவிட்டு, "சரி, ஊதினாப்பலயும் ஆச்சு, கேட்டாப்பலயும் ஆச்சு" என்று சொல்லி மறுபடி வேலையைப் பார்த்தாள். பிறகு அவள் பாட்டிலின் அடியில் காதை வைத்தே உள்ளே என்ன இருக்கிறதென்று சொல்லக் கற்றுக்கொண்டாள். அவனுக்கு உதவுமென்று தோன்றியவற்றை அடைப்பைப் பிடுங்காமல் தனிச் சாக்கில் போட்டு வைத்தாள்.

இப்படியாகக் கோதண்டபாணி மறுபடியும் பேச ஆரம்பித்தான். மைதானத்தில் கத்தியதைத்தான் பேச முடியும்; ஆனால் மைதானத்தில் மனிதன் கத்தாதது அதிகமில்லை. சோறு இன்னும் வேண்டுமென்றால் "இன்னொன்னு போடுறா, இன்னொன்னு!" என்று ஒரு மீன்காரர் குரல் கேட்கும். போதும் என்றால் "வுடுறா, நேரமாச்சு!" பஸ் வந்துவிட்டால் "ஓடு, ஓடு, ஓடுறா டேய்!" குடிசை வாடகை கேட்டு வந்தவருக்கு நடுவரைத் திட்டிய பாட்டில்களில் ஒன்று, அந்த வகைக்கு எந்த வாரமும் பஞ்சமில்லை. ஒரு தடவை மயிலாப்பூர் தண்ணித்துறை மார்க்கெட்டில் கத்தரிக்காய் பேரம் பேசுவதற்குக் குமாஸ்தாவின் குரலை எடுத்தான். அங்கே கீரை வாங்கிக்கொண்டிருந்தது குமாஸ்தா சுவாமிநாதனின் சம்சாரம் நீரஜா. கோயிலில் உபன்யாசம் கேட்கப் போகிறேன் என்று ஞாயிறுதோறும் கிளம்புகிற தன் புருஷனின் குரல், மூட்டைக்காரன் ஒருவன் வாயிலிருந்து, கொஞ்சம் பீர் வாசனையோடு வருவதைக் கேட்டாள். வீட்டுக்குப் போய், "ஏன்னா, உபன்யாசத்துல பந்து யாராண்ட இருந்தது?" என்று மட்டும் கேட்டாள். மறு ஞாயிறு அவளும் புளியோதரைத் தூக்கோடு மைதானத்துக்கு வந்தாள். அதிலிருந்து எல்லா ஞாயிறும் வந்தாள். அவள் குரலும் நல்ல கட்டையான குரல், பாட்டிலில் சுத்தமாகத் தங்கியது.

மைதானத்திலும் அவன் விடவில்லை. போன வாரத்துக் கூச்சலை இந்த வாரம் கழுத்தில் வைத்து டீமுக்குக் கத்தினான். ஆனால் ஒன்று மட்டும் முடியவில்லை. தேவானையின் பெயரை அந்த மைதானத்தில் யாரும் கத்தவில்லை. ஏன் கத்தப் போகிறார்கள்?

"ஊர்ல கீறவன் கொரல்லல்லாம் சோறு கேக்குற," என்றாள் தேவானை ஒருநாள். "எம்பேரை ஒருத்தன் கொரல்லயும் கூப்புட மாட்டேன்ற."

முதலில் இது வருத்தமாகத்தான் இருந்தது. எழுபத்திரண்டில் வேறு மாதிரி ஆயிற்று. தேவானை கோட்டூர்புரம் கட்டடத்தில் சித்தாளாகக் கலவை சுமந்தாள். மேஸ்திரி ஆள் எண்ணும்போது அவளை விட்டுவிட்டு எண்ணினார், பக்கத்திலிருந்தவள் சொன்னபிறகு கண்ணைக் கசக்கிக்கொண்டு, "அட, நீ இங்கதான் கீறியா?" என்றார். பஸ்ஸில் கண்டக்டர் அவளிடம் டிக்கெட் கேட்பதை நிறுத்தினார். மீன்காரி அவள் தலைக்கு மேலாகப் பின்னால் நிற்பவளோடு பேரம் பேசினாள். எழுபத்துமூன்றில் உச்சி வெயிலில் அவள் நிழல் மற்றவர்கள் நிழலில் பாதி கறுப்புத்தான் இருந்தது. கூப்பிடுகிறவன் கூப்பிடாமல் போனால் ஒரு பெயர் மெல்ல மெல்ல ஆளை விட்டுக் கழன்றுகொள்ளும். பெயர் கழன்ற ஆள் கண்ணுக்குத் தப்ப ஆரம்பிக்கும். அந்தக் கரையில் இதை யாரும் அதிசயமாகப் பேசவில்லை. பாவம் என்றார்கள். அக்கம்பக்கத்தார் "தேவானை, தேவானை" என்று கூப்பிட்டுப் பார்த்தார்கள். திரும்பிப் பார்த்தாள், ஆனால் ஒட்டவில்லை. அது அவன் வாயிலிருந்து வரவேண்டும்.

ஹாஜிரா பீ ஒரு பாட்டிலை எடுத்து அதன் வாயில் தன் வாயை வைத்து "தேவானை!" என்று கத்தி, அடைத்து, மறுநாள் அவனிடம் கொடுத்தாள். வெறும் காற்று வந்தது. சுவாமிநாதனைக் கேட்டார்கள். அவர் கிடங்குக்கு வந்து, செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு, சங்கீத வித்துவான் மாதிரி தொண்டையைச் செருமிக்கொண்டு கத்தினார். பீர் வாசனை மட்டும் வந்தது. "சொல்லிக் கத்தினா நிக்காது போலிருக்கு," என்றார் சுவாமிநாதன். "தன்னை மறந்து கத்தணும். ஆட்டத்துல கத்தறச்சே நான் யாருன்னு நேக்கே ஞாபகம் இருக்கறதில்லே." அப்படித்தான் என்று பிறகு எல்லாரும் ஒப்புக்கொண்டார்கள்.

கோதண்டபாணி எழுதப் படிக்கத் தெரியாதவன். கார்ப்பரேஷன் பள்ளிக்கூடத்தில் சாயங்காலம் பெரியவர்களுக்கு எழுத்துச் சொல்லிக் கொடுத்தார்கள். அங்கே போய்ச் சேர்ந்தான். மூட்டை தூக்கின தோளோடு சிலேட்டின் முன்னால் தூங்கித் தூங்கி விழுந்தான். அந்தக் காலத்து 'னை'க்குத் தலைமேல் தும்பிக்கை உண்டு. அதை வளைக்க அவனுக்கு ஒரு மாதம் பிடித்தது. வளைத்ததும் படிப்பை நிறுத்திவிட்டு, பெயரை எழுதிக்கொண்டுபோய்ப் பெண்சாதியிடம் காட்டினான். தேவானைக்கும் எழுத்துத் தெரியாது. "இன்னா இது, கம்பளிப்பூச்சியா?" என்றாள். சொல்லும்போது அவள் உதடு தெரிந்தது, காது தெரியவில்லை.

எழுபத்துநாலு ஆடியில் மறுபடி மதுவிலக்கு என்று உறுதியாயிற்று. ஆவணி பாதியோடு கடைகளை மூடிவிடுவார்கள். மைதானத்தில் பாட்டில் இருக்காது. பாட்டில் இல்லாவிட்டால் கோதண்டபாணிக்கு வாய் இல்லை, தேவானைக்கு இனி எப்போதுமே பெயர் இல்லை. கடைகள் மூடுவதற்கு முந்தின ஞாயிறுதான் கோப்பைக்கான கடைசி ஆட்டம். கோப்பையை வைத்தவர் தியாகராய நகரில் ஜவுளிக்கடை நடத்திய அய்யாதுரை. எதிர் டீம் கிண்டித் தொழிற்சாலைக்காரர்கள், பூட்சு போட்டவர்கள். கால்வாய்க்கரைக்காரர்களுக்கு வெறுங்கால். ஊரில் மிச்சமிருந்த பீர் முழுவதும் அன்று அந்த மணலுக்கு வந்து சேர்ந்ததாகச் சொல்வார்கள். கோதண்டபாணி கூச்சல் சாக்கைக் கொண்டு போகவில்லை. சிலேட்டை மட்டும் எடுத்துப்போனான். பாட்டில் குரல் கிடைத்தபிறகு டீமுக்குக் கத்தாமல் அவன் விட்ட ஒரே ஆட்டம் அதுதான்.

முதல் பாதி முழுக்கச் சிலேட்டைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கும்பலுக்குள் நடந்தான். ஒவ்வொருவர் முகத்துக்கு நேராகவும் காட்டி, வாயைத் திறந்து மூடி, கத்தச் சொல்லிக் கும்பிட்டான். "நவுருய்யா, மறைக்குது," என்றார்கள். கிண்டிக்காரர்கள் ஒரு கோல் போட்டார்கள். போதாததற்குக் கால்வாய்க்கரையின் இடதுபக்க ஆட்டக்காரனுக்கு ஒரு பூட்சு பட்டு முட்டி வீங்கிவிட்டது. மாற்று ஆள் இல்லை. கேப்டன் சண்முகவேல் இடைவேளையில் அய்யாதுரையிடம் ஓடிப்போய் ஏதோ பேசினான். அவர் தன் கடையில் சேலை விரித்துக் காட்டுகிற சிதம்பரநாதன் என்ற பையனை, ஊரில் பந்து விளையாடினவன் என்று சொல்லி, தள்ளி விட்டார். வேட்டியை அவிழ்த்துக் கொடுத்துவிட்டு இரவல் டிராயரில் அவன் உள்ளே இறங்கினான். தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வந்து சில நாள்தான் ஆகிறது. அய்யாதுரையைத் தவிர மைதானத்தில் ஒருவருக்கும் அவன் பேர் தெரியாது.

பேர் தெரியாத ஆட்டக்காரனுக்குக் கத்துவது எப்படி? இது கும்பலுக்குப் பெரிய கஷ்டமாகிவிட்டது. "யார்ரா அவன், புதுசா கீறான்?" "பேர் இன்னா மச்சி?" என்று வரிசை வரிசையாகக் கேள்வி பின்னாலிருந்து முன்னால் வந்தது. முன்னால் கோட்டோரம் கோதண்டபாணி சிலேட்டைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"தோ, எழுதிப் போட்டுக்கினு கீறாங்கோ. தேவானை."

"தேவானையா? அது பொம்பள பேராச்சே?"

"தெற்கத்தி ஆளுங்கோ வெப்பாங்கோ நைனா. உனுக்கு இன்னா, பேரா வெளாடப் போவுது?"

பந்து புதியவனிடம் வந்தது. எங்கோ ஒருவன் பாதி நம்பிக்கையோடு "தேவானை, வுடாதே!" என்றான். அவன் விடவில்லை. சேலையை மேசைமேல் உருட்டிவிடுவதுபோல் பந்தை இரண்டு பூட்சுக் கால்களுக்கு நடுவே உருட்டிவிட்டு, அந்தப் பக்கம் போய் எடுத்துக்கொண்டு, கோலுக்குள் தள்ளினான். அதற்குமேல் யார் தடுக்க முடியும்? மூவாயிரம் பேர் எழுந்து நின்று "தேவானேய்!" என்று கத்தினார்கள். அந்தப் பெயரைச் சொன்னதும் கோல் விழுந்தது என்பதைக் கண்ணால் பார்த்துவிட்ட பிறகு, பந்தாட்டப் பைத்தியம் பிடித்த கும்பல் அதை நிறுத்துமா? நிறுத்தினால் ராசி போய்விடும். பந்து யாரிடம் இருந்தாலும் தேவானை. நடுவர் விசிலடித்தாலும் தேவானை. நாற்காலியில் உட்கார்ந்திருந்த அய்யாதுரை "ஏலே சிதம்பரநாதா!" என்று ஆரம்பித்து, சுற்றிலும் கேட்டுவிட்டு, இத்தனை பேர் சொல்கிறபோது தனக்குத்தான் பேர் மறந்துவிட்டது என்று முடிவு செய்து, "ஏலே தேவானை!" என்று மாற்றிக்கொண்டார். நீரஜா புளியோதரைக் கரண்டியைத் தூக்கில் தட்டித் தாளம் போட்டாள். சுவாமிநாதனுக்குத் தான் யார் என்பது மறந்து வெகுநேரம் ஆகியிருந்தது.

கோதண்டபாணியும், உண்மையைச் சொன்னால், கோல் விழுந்த சமயத்தில் பெண்சாதியை மறந்துவிட்டான். சிலேட்டை எறிந்துவிட்டுக் குதித்துக்கொண்டிருந்தான். ஹாஜிரா பீதான் வந்து முதுகில் ஒன்று வைத்தாள். "யோவ், ஆட்டமா பாத்துக்கினு கீற? பாட்டிலைப் புடிய்யா!" அவள் முந்தானை நிறைய நனைத்த காகிதம் இருந்தது. இரண்டு பேரும் குனிந்தபடியே மணலில் ஓடினார்கள். கத்துகிறவர்களின் காலடியில் கிடந்த பாட்டிலையெல்லாம் எடுத்தெடுத்து அடைத்தார்கள். அடைக்க அடைக்கப் பாட்டில்கள் கையில் கனத்தன; சில சூடாகவும் இருந்தன. ஆட்டம் முடிகிற சமயத்தில் சிதம்பரநாதன் இன்னொரு கோல் போட்டான். அந்தக் கூச்சலில் ஆற்றில் மீன்கள் மேலே வந்தன. சாந்தோம்காரர்கள் ஆட்டத்தையும் விடமுடியாமல் மீனையும் விடமுடியாமல் தவித்தார்கள். கால்வாய்க்கரை கோப்பையை எடுத்தது. சிதம்பரநாதனைத் தோளில் வைத்துத் தியாகராய நகர்வரை தூக்கிப்போனார்கள். தன் பேர் தேவானை இல்லை என்று அவன் வழியெல்லாம் சொன்னான். ஒருவர் காதிலும் விழவில்லை. அவன் ஆடின காலம் முழுக்க அவனுக்கு அதுதான் பேர். பிறகு அவனே அதற்குத் திரும்பிப் பார்க்கப் பழகிக்கொண்டான்.

கோதண்டபாணி ஒரு சாக்கைத் தோளில் போட்டுக்கொண்டு, வெளிச்சம் இருக்கும்போதே கால்வாயின் அக்கரைக்கு வந்துவிட்டான். இக்கரையில் குடிசை வாசலில் அடுப்பிலிருந்து இறக்கி வைத்த ஒரு சட்டியும் அதன்மேல் அசைகிற ஒரு கரண்டியும் தெரிந்தன. கரண்டியைப் பிடித்த கை தெரியவில்லை. சாக்கிலிருந்து ஒரு பாட்டிலை எடுத்தான். மல் துணியை ஒதுக்கி, அடைப்பைப் பிடுங்கி, கழுத்தில் வைத்து இழுத்தான்.

மூவாயிரம் பேர் அவன் வாய்வழியாக "தேவானேய்!" என்று கூப்பிட்டார்கள். மீன்காரர் இருந்தார், கொத்தனார் இருந்தார், தெற்கத்திக்காரர்கள் இருந்தார்கள், நடுவில் கரண்டித் தாளம் கேட்டது. கால்வாய்த் தண்ணீர் இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்கு ஒருமுறை ஒதுங்கித் திரும்பியது. பாலத்தின்மேல் பஸ் நின்றது. கரண்டியைச் சுற்றி முதலில் வளையல் வந்தது, பிறகு கை, பிறகு தோள், கலவை ஒட்டிய சேலை, காது, காதில் சிவப்புக்கல் கம்மல். நிழல் தரையில் அடுப்புக்கரி போலக் கறுப்பாக விழுந்தது. பஸ் கண்டக்டர் ஜன்னலில் தலையை நீட்டி, "யம்மா, இத்தினி நாளு டிக்கெட்டே வாங்கலியே நீ!" என்று கத்தினார். தேவானை அவரைச் சட்டை செய்யவில்லை. அக்கரையைப் பார்த்து இடுப்பில் கையை வைத்துக்கொண்டாள்.

"இன்னாய்யா, காது செவுடா எனுக்கு? எதுக்கு இத்தினி பேரு? வர்றேன்யா!" என்றாள். சொல்லிவிட்டு முகத்தை முந்தானையால் துடைத்துக்கொண்டாள். அடுப்புப் புகைதான் என்று பக்கத்துக் குடிசையில் சொன்னாள். அடுப்பு அணைந்து வெகுநேரம் ஆகியிருந்தது.

கடைகள் மூடின. ஊர் பீரை மறந்தது. பந்தை மறக்கவில்லை, சர்பத் குடித்துக்கொண்டு கத்தியது. கால்வாய்க்கரையில் ஒரு குடிசையில் சாக்குச் சாக்காகப் பீர் பாட்டில் இருக்கிறதென்று யாரோ போய்ச் சொல்ல, மதுவிலக்குப் போலீஸ்காரர் ஒருவர் வந்து கூரைவரை அடுக்கியிருந்ததைப் பார்த்தார். ஒன்றை உருவி, அடைப்பைப் பிடுங்கி, மூக்கில் வைத்தார். மைதானம் அவர் முகத்தில் கத்தியது. தொப்பியைத் தரையிலிருந்து எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டு, "இங்க தேவானைன்றது யாரு?" என்று கேட்டார். "நாந்தான்," என்றாள். "ஒண்ணுமில்லம்மா. கூப்புடறாங்கோ," என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அப்புறம் யாரும் விசாரிக்க வரவில்லை.

எழுபத்தொன்பதில் பக்கத்துக் குடிசைக்குப் புதிதாகக் குடிவந்த புஷ்பம் முதல்நாள் மாலை அந்தச் சத்தத்தைக் கேட்டு அரிவாள்மனையிலிருந்து எழுந்துவிட்டாள். அது என்ன என்று எதிர்க் குடிசை ஜைதூன் பீயைக் கேட்டாள். "கோதண்டபாணி அண்ணன் வேலை முடிஞ்சு வருது," என்றாள் ஜைதூன் பீ. "மீனை மூடி வைம்மா, பூனை நிக்குது." புஷ்பம் மீனை மூடி வைத்தாள்.